திரை வழியே மனநல ஆலோசனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல ஆலோசனை மையம் ஒன்றில் தொலைபேசியை எடுத்து, நேரம் ஒதுக்கித் தரும் வேலையில் இருக்கிறேன். நான் ஆலோசகர் அல்ல. ஆனால் ஆலோசகரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகள் என்னிடம்தான் வருகின்றன: முன்பதிவு செய்யும்போது, பணம் கட்டும்போது, சில நேரம் அமர்வு முடிந்த பிறகு, தழுதழுத்த குரலில். திரும்பத் திரும்ப வருகிறவற்றை எங்கள் ஆலோசகர்களிடம் கேட்டுத் தெளிந்து இங்கே எழுதியிருக்கிறேன். படித்துக்கொண்டு போனால் பல பதில்கள் ஓரிடத்தில் வந்து சேர்வதைப் பார்ப்பீர்கள்: திரையில் தெரியாததை நீங்கள்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

போனில் பேசினால் சரியாகுமா? நேரில் போவதுபோல் வருமா?

மனச்சோர்வு, பதற்றம், திடீர்ப் பீதி போன்றவற்றுக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் பேச்சு வழிச் சிகிச்சை) காணொளி வழியே கொடுத்தால், நேரில் கொடுப்பதற்கு ஏறக்குறைய ஈடான பலன் கிடைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. சென்னையில் மனநோயாளிகளுக்காக இயங்கும் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010-இலேயே புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. நோயாளி அந்தப் பேருந்துக்குள் உட்கார்ந்து, திரையில் தெரியும் மருத்துவரிடம் பேசுவார். மருந்தையும் அங்கேயே வாங்கிக்கொள்வார்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. யாரும் பேசாதபோது குரல் கேட்பவர், குடியை நிறுத்தியதும் நடுக்கமும் குழப்பமும் வருபவர், உயிரை மாய்த்துக்கொள்ளத் திட்டமே வைத்திருப்பவர் ஆகியோரை முதலில் நேரில் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மிகச் சிறிய குழந்தைகளையும் நேரில் காட்டுவதே நல்லது.

மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சலர் என்கிறார்கள். நான் யாரிடம் நேரம் வாங்க வேண்டும்?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார். சோதனைகள் செய்வார், பேச்சு வழிச் சிகிச்சை தருவார். இவர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆலோசகர் பெரும்பாலும் உளவியலிலோ சமூகப் பணியிலோ முதுகலை படித்தவர். தூக்கமும் பசியும் அடியோடு கெட்டிருந்தால், வேலைக்கே போக முடியாத நிலை இருந்தால், மனநல மருத்துவரிடம் தொடங்குங்கள். உறவுச் சிக்கல், துக்கம், பணியிட அழுத்தம் என்றால் ஆலோசகரிடமே தொடங்கலாம். தேவைப்பட்டால் அவரே உங்களை மருத்துவரிடம் அனுப்புவார். அனுப்பத் தெரிந்தவர்தான் நல்ல ஆலோசகர்.

அவர் உண்மையிலேயே படித்தவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாரா?

கேளுங்கள். பட்டம் எது, எங்கே படித்தார், பதிவு எண் உண்டா, எந்த முறையில் சிகிச்சை தருகிறார், இதுபோன்ற பிரச்சினையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறாரா என்ற ஐந்தும் போதும். இதற்குக் கோபப்படுகிறவரிடம் உங்கள் மனதைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை. மருத்துவரின் பதிவை மருத்துவ மன்றப் பட்டியலிலும், மருத்துவ உளவியலாளரின் பதிவை மறுவாழ்வு மன்றப் பட்டியலிலும் சரிபார்க்கலாம். மற்ற ஆலோசகர்களுக்கு அப்படிக் கட்டாயப் பதிவு நெடுங்காலம் இருந்ததில்லை. அதனால்தான் வாரக் கடைசி வகுப்பில் ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டுப் பெயர்ப்பலகை மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். செயலியில் நட்சத்திர மதிப்பீடு எவ்வளவு இருந்தாலும் இந்தக் கேள்விகளைக் கைவிடாதீர்கள்.

வீட்டில் தனி அறை கிடையாது. மாமியார், பிள்ளைகள் எல்லாரும் இருக்கிறார்கள். எங்கே உட்கார்ந்து பேசுவது?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பெண்களே மிகுதி. முதலில் இடத்தைவிட நேரத்தைத் தேடுங்கள். பிள்ளைகள் பள்ளியில், பெரியவர்கள் மதியத் தூக்கத்தில் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் வாரத்தில் எந்த நாளில் கிடைக்கும் என்று பாருங்கள். அதற்கு ஏற்ற நேரத்தை எங்களைப் போன்றவர்களிடம் கேட்டு வாங்குங்கள். இடம் என்றால் மொட்டை மாடி, நிறுத்தி வைத்த கார், நம்பிக்கையான தோழியின் வீடு, அலுவலகத்தில் ஆள் இல்லாத கூட்ட அறை. ஓடும் வண்டி மட்டும் வேண்டாம். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டால் ஆலோசகரின் குரல்தான் வெளியே கேட்காது, உங்கள் குரல் கேட்கும். கதவுக்கு வெளியே வானொலியோ மின்விசிறியோ ஓடினால் அதுவும் அமுங்கும்.

முதல் அமர்விலேயே ஒரு சங்கேதச் சொல் பேசி வைத்துக்கொள்ளுங்கள். "ரேஷன் கடைக்குப் போக வேண்டும்" என்று நீங்கள் சொன்னால் யாரோ அறைக்குள் வந்துவிட்டார்கள் என்று பொருள். ஆலோசகர் பேச்சை மாற்றிவிடுவார். வாயால் சொல்ல முடியாத ஒரு வரியைத் தட்டச்சு செய்து அனுப்பலாம். "ஆம், இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள்" என்றும் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் ஆலோசகர்கள் இதையெல்லாம் அன்றாடம் செய்கிறார்கள். நீங்கள் சங்கடப்பட இதில் எதுவும் இல்லை.

நீங்கள் பேச வந்திருப்பதே வீட்டில் உங்களை அடிப்பவரைப் பற்றி என்றால், அதே வீட்டுக்குள்ளிருந்து பேசுவது ஆபத்து. நேரம் வாங்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். எந்த எண்ணில், எப்போது உங்களை அழைக்கலாம், எப்போது அழைக்கவே கூடாது என்பதைக் குறித்துக்கொள்வோம். உடனடி உதவிக்கு மகளிர் உதவி எண் 181 இருக்கிறது.

முகம் காட்ட வேண்டுமா? குரல் மட்டும் போதாதா?

குரல் மட்டும் வைத்தும் நல்ல சிகிச்சை நடக்கிறது. இருந்தாலும் முதல் அமர்வையாவது காணொளியில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள் என்பது உங்களுக்கும் தெரிய வேண்டும். தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது பலருக்குத் தொந்தரவாக இருக்கிறது. பெரும்பாலான செயலிகளில் உங்கள் படத்தை உங்கள் திரையில் மட்டும் மறைக்க வழி உண்டு. மறைத்தவுடன் பேச்சு இயல்பாகிவிடுவதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

காணொளியிலும் ஆலோசகர் பார்ப்பது உங்கள் தோள்வரைதான். கால் ஆடுவதும், கை சில்லிடுவதும், மடியில் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருப்பதும் அவருக்குத் தெரியாது. நேரில் என்றால் நீங்கள் சொல்லாமலே பார்த்திருப்பார். இங்கே "இதைச் சொல்லும்போது வயிறு பிசைகிறது" என்று நீங்கள் சொன்னால்தான் உண்டு.

முதல் அமர்வில் என்ன பேசுவது? எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

தெரிய வேண்டியதில்லை, முதல் அமர்வில் கேட்பது பெரும்பாலும் அவர்தான். தூக்கம், பசி, உடல்நோய்கள், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா, குடி, புகை, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா என்று கேட்பார். கடைசிக் கேள்வியைக் கேட்டு அதிர வேண்டாம், எல்லாரிடமும் கேட்பதுதான். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையைப் பக்கத்தில் வைத்திருங்கள். தைராய்டுக் குறைபாடு மனச்சோர்வு போலவே தெரியக்கூடும் என்பதால், பழைய இரத்தப் பரிசோதனை இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். "நான் எது மாற வேண்டும் என்று வந்திருக்கிறேன்" என்பதை மட்டும் முந்தின நாளே இரண்டு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது எந்த முகவரியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்றும் கேட்பார். பலர் இதற்குத் தயங்கிப் பொய் எண் கொடுக்கிறார்கள். உங்களுக்கு நெருக்கடி வந்தால் ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரிய வேண்டும். காரணம் அது ஒன்றுதான்.

ஆங்கிலத்தில்தான் பேச வேண்டுமா?

வேண்டியதில்லை. எந்த மொழியில் அழுவீர்களோ, எந்த மொழியில் சண்டை போடுவீர்களோ அந்த மொழியில் பேசுங்கள். திருநெல்வேலித் தமிழோ யாழ்ப்பாணத் தமிழோ, ஆலோசகருக்குப் புரியாத சொல் வந்தால் அவர் கேட்டுக்கொள்வார்.

நடுவில் சிக்னல் போய்விட்டால்?

யார் யாரைத் திரும்ப அழைப்பது என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். வழக்கம், ஆலோசகர் சாதாரணத் தொலைபேசியில் அழைப்பது. இழந்த நிமிடங்களை ஈடுசெய்வார்களா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளலாம். மின்வெட்டு வரும் ஊர் என்றால் அமர்வுக்கு முன் போனில் முழுச் சார்ஜ் இருக்கட்டும்.

அமர்வு முடிந்ததும் உடனே சமையலையோ ஆபீஸ் வேலையையோ பார்க்கலாமா?

முடிந்தவரை வேண்டாம். நேரில் போனால் திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மனம் கொஞ்சம் ஆறும். இங்கே "முடிந்தது" என்ற பொத்தானை அழுத்திய அடுத்த நொடி குக்கர் விசில் அடிக்கிறது, மேலாளர் அழைக்கிறார். முன்னால் பத்து நிமிடம், பின்னால் இருபது நிமிடம் என்று ஒதுக்கி வையுங்கள். தெருவில் ஒரு நடை போய்வாருங்கள். மனதில் தைத்த ஒரு வாக்கியத்தையாவது எழுதி வையுங்கள், அடுத்த வாரத்துக்குள் அது நழுவிவிடும். "என்ன சொன்னார்?" என்று வீட்டில் கேட்டால், "பிறகு சொல்கிறேன்" என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள். செய்யாமல் போனால் திட்டுவார்களா?

திட்ட மாட்டார்கள். ஆனால் செய்யாமல் விட்டதை மறைக்காதீர்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கியபோதே, அமர்வுகளுக்கு இடையில் நோயாளி செய்யும் வேலை அதன் பகுதியாகிவிட்டது. வாரத்தில் 168 மணி நேரம். அதில் ஆலோசகரோடு இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. மீதியில்தான் மாற்றம் நடந்தாக வேண்டும். எண்ணத்தைக் குறித்து வைக்கச் சொன்னார், உங்களால் முடியவில்லை என்றால், எழுதியதை யாராவது படித்துவிடுவார்களோ என்ற பயமா, எழுத உட்கார்ந்தாலே அழுகை வந்துவிட்டதா, அந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். சில நேரம் அந்தக் காரணமே அந்த வார அமர்வாகிவிடும்.

திரை வழி ஆலோசனையின் பெரிய பலத்தையும் இங்கேதான் சொல்ல வேண்டும். கேஸ் அடுப்பு குமிழைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் எண்ணச் சுழல் நோய் உள்ளவருக்கு, சரிபார்க்காமல் அந்தப் பதற்றத்தைத் தாங்கிப் பழகுவதே சிகிச்சை. மருத்துவமனை அறையில் உங்கள் அடுப்பு இருக்காது. இப்போது போனைத் தூக்கிக்கொண்டு உங்கள் சமையலறைக்கே போகலாம். ஒருமுறை மட்டும் மூடி, கதவைத் தாண்டி வெளியே வந்து, பதற்றம் ஏறுவதையும் இறங்குவதையும் ஆலோசகரோடு சேர்ந்தே பார்க்கலாம். கை கழுவுதல், பூட்டு, அறையைவிட்டு வெளியே வரவே பயம் என எதுவானாலும், "இதை என் வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?" என்று நீங்களே கேளுங்கள்.

மூன்று நான்கு அமர்வு ஆகிவிட்டது. ஒன்றும் மாறவில்லை. விட்டுவிடலாமா?

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை முறையாக நடந்தால் பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் வரை போகும். நாலாவது அமர்வில் நோய் தீர்ந்திருக்காது. ஆனால் உங்கள் பிரச்சினையை இருவரும் ஒரே மாதிரிப் புரிந்துகொண்டிருக்கிறீர்களா, எதை நோக்கிப் போகிறீர்கள் என்பது தெளிவாகியிருக்க வேண்டும். அது தெளிவாகவில்லை என்றால் கேட்டுவிடுங்கள். மாற்றம் நடக்கிறதா என்று மனம் போன போக்கில் மதிப்பிடாமல் அளந்து பார்க்கவும் வழி இருக்கிறது. பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் கடந்த இரண்டு வார மனச்சோர்வை 0 முதல் 27 வரை மதிப்பிடுகிறது. தமிழிலும் இருக்கிறது. தொடக்கத்தில் ஒருமுறை, மாதம் ஒருமுறை நிரப்பித் தரலாமா என்று கேளுங்கள். ஐந்து புள்ளி குறைந்தால் அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம்.

ஆலோசகரை எனக்குப் பிடிக்கவில்லை. எப்படிச் சொல்வது?

பெரும்பாலானோர் சொல்லாமலே காணாமல் போகிறார்கள். என்னிடம் மட்டும் "அவர் நான் பேசும்போது எங்கேயோ பார்க்கிறார்" என்பார்கள். நான் திரும்பக் கேட்பது ஒன்றே: அவரிடம் சொன்னீர்களா? அவர் குறிப்பெடுக்கக் குனிந்திருக்கலாம். கேமரா ஒரு பக்கமும் உங்கள் முகம் தெரியும் திரை இன்னொரு பக்கமும் இருக்கலாம். "நீங்கள் வேறெங்கோ பார்ப்பதுபோல் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். நல்லவர் விளக்குவார், திருத்திக்கொள்வார். அதற்குப் பிறகு பேச்சு முன்பைவிட ஆழமாகப் போகும்.

சிலவற்றுக்குப் பொறுமை தேவையில்லை. உங்கள் சாதியையோ பாலின ஈர்ப்பையோ இழிவாகப் பேசினால், பரிகாரம் செய்யச் சொன்னால், "கல்யாணம் செய்துகொண்டால் சரியாகிவிடும்" என்றால், தனிப்பட்ட நட்புக்கு அழைத்தால், அன்றோடு நிறுத்துங்கள். அவர் பணிபுரியும் இடத்தில் புகாரும் கொடுங்கள்.

நான் சொல்வதை வீட்டாரிடமோ ஆபீஸிலோ சொல்லிவிடுவார்களா?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, சிகிச்சை பற்றிய தகவல் இரகசியமாகக் காக்கப்படுவதை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. கணவர் அழைத்து "என் மனைவி என்ன சொன்னாள்?" என்று கேட்டால் நாங்கள் பதில் சொல்வதில்லை. விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால், நீதிமன்றம் ஆணையிட்டால். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டம் 2012-இன்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இதை முதல் அமர்விலேயே ஆலோசகர் விளக்க வேண்டும், விளக்காவிட்டால் கேளுங்கள். இருவரில் யாரும் மற்றவர் ஒப்புதல் இல்லாமல் அமர்வைப் பதிவு செய்யக் கூடாது.

மாத்திரையும் ஆன்லைனிலேயே எழுதித் தருவார்களா?

2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி மருத்துவர் எழுதலாம், ஆனால் எல்லா மருந்தையும் அல்ல. போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும் சில மருந்துகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. "தூக்க மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்பவர்களுக்கு மருத்துவர் மறுப்பது இதனால்தான். எழுதிய மாத்திரையை, நன்றாகிவிட்டது என்று நீங்களாகவே திடீரென நிறுத்தாதீர்கள்.

இவ்வளவு பணம் என்னால் கொடுக்க முடியாது. வேறு வழி இல்லையா?

இருக்கிறது. மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் இதற்கு "நட்புடன் உங்களோடு மனநல சேவை" என்று பெயர். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தனியாரிடமே தொடர விரும்பினால், குறைந்த கட்டண இடம் உண்டா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரலாமா என்று கேளுங்கள். பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்பட்டு நின்றுபோனவர்கள் பலர்; அவர்களுக்கு நாங்கள் ஏதாவது செய்திருக்க முடியும்.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். சென்னையில் இருக்கும் தமிழ் ஆலோசகரிடம் பேசலாமா?

பலர் பேசுகிறார்கள், தாய்மொழிக்காக. ஆனால் மேலே சொன்ன இந்திய வழிகாட்டுதல்கள் நாட்டுக்கு வெளியே நடக்கும் மருத்துவ ஆலோசனைக்குப் பொருந்தாது. மருந்துச் சீட்டை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். சில நாடுகளில், அங்கே வாழ்பவருக்குச் சிகிச்சை தர அங்கத்திய உரிமம் வேண்டும் என்பதால் ஆலோசகர்கள் மறுப்பதும் உண்டு. முகவரி பற்றி முன்பு சொன்னது இங்கே இன்னும் முக்கியம்: நீங்கள் இருக்கும் ஊரின் அவசர எண்ணையும், அருகில் உள்ள ஒருவர் பெயரையும் கொடுத்துவிடுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது.

மகன் பேசவே மாட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாமா?

உங்கள் கவலை புரிகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் உங்கள் ஒப்புதல் தேவை; முதலில் உங்களோடும் பேசுவார்கள். அதன்பிறகு அவனுக்குத் தனி நேரம் விடுங்கள். கேமராவுக்கு வெளியே, சத்தமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவை ஆலோசகருக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். அவன் பேசாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இரவில் சாக வேண்டும் போலிருக்கிறது. அடுத்த அமர்வு வியாழக்கிழமைதான்.

வியாழக்கிழமை வரை காத்திருக்காதீர்கள். இப்போதே 14416 அழையுங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. உடனடி ஆபத்து என்றால் 108 அல்லது 112. வீட்டில் ஒருவரை எழுப்பிப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். பூச்சிமருந்தோ நிறைய மாத்திரைகளோ வீட்டில் இருந்தால் அவற்றை அவர் எடுத்துக்கொண்டு போகட்டும். அந்த எண்ணம் அலைபோல ஏறி இறங்கக்கூடியது. உச்சத்தில் இருக்கும் அந்தச் சில மணி நேரம் நீங்கள் தனியாக இல்லாமல் இருப்பது உயிரைக் காக்கும்.

போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைப்பவர்களுக்கு: 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. மறுநாள் காலை ஆலோசகருக்குத் தகவல் அனுப்பி, முன்கூட்டியே நேரம் கேளுங்கள். இப்படி ஓர் அழைப்பு வந்தால் நாங்கள் இடம் உண்டாக்கித் தருவோம்.

இத்தனை அமர்விலும் அவரிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. இப்போது சொன்னால் என்ன நினைப்பார்?

குடி, கடன், வேறொரு உறவு, சிறுவயதில் நடந்தது. எதுவாக இருந்தாலும், நீங்கள் நினைப்பதுபோல் அவர் அதிர்ந்துபோக மாட்டார். தாமதமாகச் சொல்பவர்கள்தான் அதிகம். திரையில் மறைப்பது எளிது என்பதால் இங்கே இன்னும் தாமதமாகிறது.

பலர் இதைக் கடைசி இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டிக்கிறார்கள். பிறகு வாரம் முழுக்கத் தவிக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முந்தின நாளே "நாளை ஒன்று சொல்ல வேண்டும், நான் மழுப்பினால் நினைவுபடுத்துங்கள்" என்று ஒரு வரி அனுப்புங்கள். அமர்வின் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். வாய் வரவில்லை என்றால் தட்டச்சு செய்யுங்கள், அவர் படிக்கும்போது கேமராவை அணைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு விவரம் சொல்வது, எங்கே நிறுத்துவது என்பதை நீங்களே முடிவு செய்யலாம். அன்று மட்டும் அமர்வுக்குப் பின் ஒதுக்கும் நேரத்தை ஒரு மணி நேரமாக வைத்துக்கொள்ளுங்கள்.